பொருள் தெரியாவிட்டாலும் புள்ளி உண்டு!

இரண்டு எழுத்துச் சொற்களை வைத்து உலகத்தையே வளைத்துப் போட்ட ஓர் ஆட்டத்தின் கதை

கியூ, ஐ. இந்த இரண்டு ஆங்கில எழுத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு சொல் ஆகுமா?

"ஆகாது. கியூவுக்குப் பின்னால் யூ வராமல் ஆங்கிலத்தில் சொல்லே கிடையாது" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

ஆனால், அது சொல்தான்!

அதை "சீ" என்று உச்சரிக்க வேண்டும். சீன மொழியில் இருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். உடம்புக்குள் ஓடுகிற உயிர்ச் சக்தி என்று பொருள். நம் ஊரில் "சீ" என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். சீனர்களுக்கோ அதுதான் உயிர்!

இந்தச் சொல்லுக்கு 11 புள்ளி. எங்கே தெரியுமா? "ஸ்கிராபிள்" என்ற எழுத்து ஆட்டத்தில்.

நம் நாட்டிலும் பல வீடுகளில் இந்த ஆட்டம் இருக்கிறது. தெரியாதவர்களுக்காக அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

சதுரங்கம் போல ஓர் அட்டை. அதில் குறுக்கே 15, நெடுக்கே 15, ஆக 225 கட்டங்கள். எழுத்துப் பொறித்த சின்னச் சின்னச் சில்லுகள் மொத்தம் 100. ஒவ்வொருவரும் பையில் கைவிட்டு, பாராமலே 7 சில்லுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் இருக்கும் எழுத்துகளைக்கொண்டு, குறுக்கெழுத்துப் போட்டியில் வருவது போல, ஏற்கெனவே அட்டையில் இருக்கும் சொல்லோடு ஒட்டி ஒரு சொல் அமைக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விலை உண்டு. விலைகளைக் கூட்டினால் புள்ளி. சில கட்டங்களில் அந்த விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும்.

அவ்வளவுதான் ஆட்டம். இதற்குத்தான் உலகப் போட்டி, பரிசு, சண்டை, வழக்காடல் எல்லாம்!

வேலை போனவர் செய்த வேலை

இந்த ஆட்டத்தை உண்டாக்கியவர் பெயர் ஆல்பிரட் பட்ஸ். அமெரிக்கர். நியூயார்க் நகரத்தில் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் வேலை பார்த்தவர்.

1929ஆம் ஆண்டு அமெரிக்காவில் பங்குச் சந்தை சரிந்தது. ஆலைகள் மூடின. பாங்கிகள் திவாலாயின. வேலைக்குப் போக வேண்டியவர்களில் நாலு பேருக்கு ஒருவர் வீட்டில் சும்மா இருக்கும் நிலைமை வந்தது. புதிதாகக் கட்டடம் கட்ட யாரிடம் பணம் இருக்கும்? 1931இல் பட்சுக்கும் வேலை போயிற்று. அப்போது அவருக்கு வயது 32.

சும்மா இருந்தவர் யோசித்தார். "காசில்லாத காலத்தில் ஜனங்கள் என்ன செய்வார்கள்? வீட்டில் உட்கார்ந்து ஏதாவது ஆட்டம் ஆடுவார்கள். ஆகவே, புதிதாக ஓர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தால் என்ன?"

அன்று இருந்த ஆட்டங்களை எல்லாம் அவர் பிரித்துப் பார்த்தார். பகடை, சீட்டு போன்ற எண் ஆட்டங்கள் ஒரு வகை. சதுரங்கம் போன்ற காய் நகர்த்தும் ஆட்டங்கள் ஒரு வகை. எழுத்து ஆட்டங்கள் மூன்றாம் வகை. இந்த மூன்றாம் வகையில் நல்ல ஆட்டம் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. அதிர்ஷ்டமும் வேண்டும், மூளையும் வேண்டும், அப்படி ஓர் ஆட்டம் செய்வது என்று தீர்மானித்தார்.

பத்திரிகையில் எழுத்துகளை எண்ணினார்

எழுத்துச் சில்லுகள் எத்தனை போடுவது? எல்லா எழுத்துக்கும் ஒரே எண்ணிக்கை போட்டால் ஆட்டம் ஓடாது. இசட் நிறைய இருந்தால் யார் என்ன சொல் அமைப்பது?

எட்கர் ஆலன் போ என்ற அமெரிக்க எழுத்தாளர் 1843இல் எழுதிய கதை ஒன்று உண்டு. "தங்க வண்டு" என்று அதற்குப் பொருள் வரும். புதையல் இருக்கும் இடத்தைச் சொல்லும் ரகசியக் குறிப்பை, எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்த்தே ஒருவர் படித்துவிடுவார். ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்து "இ" என்பதுதான் அந்தக் கதையின் சூட்சுமம்.

அந்த வழியைப் பட்ஸ் பிடித்துக்கொண்டார். "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையின் முதல் பக்கத்தை விரித்து வைத்தார். பென்சிலை எடுத்தார். எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று ஒவ்வொன்றாக எண்ணினார்! ஊரெல்லாம் பத்திரிகையில் செய்தி படித்தது. அவர் எழுத்தைப் படித்தார்.

அந்தக் கணக்குத்தான் இன்றும் சில்லுப் பையில் இருக்கிறது. "இ" 12 சில்லு. "ஏ" 9, "ஐ" 9. கியூ, இசட், எக்ஸ், ஜே ஆகியவை ஒவ்வொன்றே ஒன்று. மலிந்த எழுத்துக்கு விலை குறைவு. அரிய எழுத்துக்கு விலை அதிகம். "இ" வெறும் 1 புள்ளி. கியூ 10 புள்ளி. காய்கறிச் சந்தைக் கணக்குத்தான்!

ஓர் எழுத்தில் மட்டும் அவர் வேண்டுமென்றே கஞ்சத்தனம் செய்தார். ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் கடைசியில் "எஸ்" சேர்த்தால் பன்மை ஆகிவிடும். பூனை பூனைகள் ஆகிவிடும். "எஸ்" நிறைய இருந்தால் மூளைக்கு வேலை இல்லை. ஆகவே நாலே நாலு "எஸ்" போட்டார்.

ஆட்டத்துக்குப் பல பெயர் வைத்துப் பார்த்தார். கட்டட வரைபடம் போடும் கருவிகளாலேயே அட்டைக்குக் கோடு போட்டார். மெல்லிய பலகையை வெட்டிச் சில்லு செய்தார். ஆட்டக் கம்பெனிகளுக்கு அனுப்பினார். ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பின. "விலை போகாது" என்பதே பதில்.

பட்ஸ் மனம் தளரவில்லை. அக்கம் பக்கத்தாரோடும் மனைவி நைனாவோடும் விளையாடினார். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் அவர். அதில் கெட்டிக்காரர் மனைவிதான்! தமக்கு எழுத்துக்கூட்டல் அவ்வளவாக வராது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

450 டாலர் நஷ்டம்

1948இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் வந்தார். "ஆட்டத்தை நான் செய்து விற்கிறேன். விற்கும் ஒவ்வொன்றுக்கும் உமக்குப் பங்கு தருகிறேன்" என்றார். பட்ஸ் சரி என்றார். "ஸ்கிராபிள்" என்ற பெயர் புருனோ வைத்தது.

புருனோவும் மனைவியும் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் உட்கார்ந்து மரச் சில்லுகளில் எழுத்துக் குத்தினார்கள். 1949ஆம் ஆண்டில் செய்த பெட்டிகள் 2,400. நஷ்டம் 450 டாலர்!

பிறகு 1952இல் காற்றுத் திசை மாறியது. நியூயார்க்கின் பெரிய கடையான "மேசிஸ்" கடையின் தலைவர், விடுமுறைக்குப் போன இடத்தில் இந்த ஆட்டத்தை ஆடினாராம். ஊர் திரும்பியதும், "நம் கடையில் இது ஏன் இல்லை?" என்று கேட்டாராம். இப்படி ஒரு கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, கடைகளில் கூட்டம் முண்டியடித்தது உண்மை. 1954இல் மட்டும் சுமார் 40 லட்சம் பெட்டிகள் விற்றன.

கிடைத்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு வரிக்குப் போயிற்று, மூன்றில் ஒரு பங்கைத் தர்மம் செய்தேன், மிச்சத்தில் சுகமாக வாழ்ந்தேன் என்று பட்ஸ் பின்னாளில் சொன்னார். 1993இல், தம் 93ஆவது வயதில், அவர் காலமானார்.

இரண்டே எழுத்து

இந்த ஆட்டத்தில் நீளமான சொல் தெரிந்தவன்தான் ஜெயிப்பான் என்று புதிதாக ஆடுகிறவர்கள் நினைப்பார்கள். அது தப்பு.

இரண்டு எழுத்துச் சொற்கள்தான் ஆட்டத்துக்கு ஆணிவேர். ஒரு நீண்ட சொல்லை இன்னொரு நீண்ட சொல்லின் பக்கத்தில் ஒட்டினாற்போல் வைத்தால், மேலும் கீழும் எழுத்துகள் தொட்டுக்கொள்ளும். தொட்ட இடத்தில் எல்லாம் இரண்டு எழுத்துச் சொற்கள் பிறக்கும். அவை எல்லாம் உண்மையான சொற்களாக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனியே புள்ளி. ஒன்று பொய்யானால் மொத்தமும் போச்சு!

ஆட்டத்துக்குச் செல்லும் இரண்டு எழுத்துச் சொற்கள் நூறுக்கு மேல் இருக்கின்றன. போ, மேலே என்று தினமும் பேசும் சொற்கள் அதில் கொஞ்சம்தான். மற்றவை எங்கெங்கோ இருந்து வந்தவை. அவற்றின் பொருளைக் கேட்டால் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்த மாதிரி இருக்கும்.

ஏ, ஏ. இரண்டும் ஒரே எழுத்து. "ஆ ஆ" என்று உச்சரிக்க வேண்டும். பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவுக்காரர்களின் சொல். எரிமலை கக்கிய குழம்பு ஆறி இறுகி, கரடுமுரடாகக் கிடக்கும் பாறைக்கு அந்தப் பெயர். அதன்மேல் வெறுங்காலோடு நடந்தால் யாரும் "ஆ ஆ" என்று கத்தத்தான் வேண்டும்! அதே எரிமலைக் குழம்பு வழுவழுப்பாக இறுகினால் அதற்கு வேறு பெயர். அது 8 எழுத்து.

ஏ, ஐ. தென் அமெரிக்கக் காட்டில் மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, நாள் முழுவதும் தூங்கி வழியும் ஒரு பிராணி. காலில் மூன்று விரல். அது போடும் சத்தமே அதன் பெயராகிவிட்டது. நம் காக்கை மாதிரி.

ஓ, இ. வட அட்லாண்டிக் கடலில் பேரோ தீவுகள் என்று சில தீவுகள் உண்டு. அங்கே அடிக்கும் சுழல்காற்று இது. ஒரு சின்ன இடத்துக் காற்றுக்கு உலகம் பூராவும் ஆடும் ஆட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது!

எக்ஸ், யூ. வியட்நாம் நாட்டுச் சில்லறைக் காசு. கடையில் அதற்கு ஒன்றும் கிடைக்காது. ஆட்டத்தில் 9 புள்ளி கிடைக்கும்.

கே, ஏ. பழைய எகிப்தியர்களின் சொல். மனிதன் செத்த பிறகும் சாகாமல் இருக்கும் உயிர்.

ஜே, ஓ. ஸ்காட்லாந்துக்காரர்கள் காதலியை இப்படிக் கூப்பிடுவார்கள். காதலிக்கும் 9 புள்ளிதான். வியட்நாம் காசுக்குச் சமானம்!

இசட், ஓ. இமயமலைப் பக்கத்தில் சடைமாட்டுக்கும் சாதாரண மாட்டுக்கும் பிறந்த கலப்பு மாடு.

இசட், ஏ. இது சிரிப்பாக இருக்கும். "பீட்சா" என்ற இத்தாலியப் பண்டத்தின் வாலை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டார்கள் அமெரிக்கப் பையன்கள். அதுவும் ஒரு சொல்லாகிவிட்டது. கியூ, ஐ என்பதும் இதுவும் அமெரிக்கப் பட்டியலில் ஏறியது 2006இல். கியூவும் இசட்டும் கையில் மாட்டிக்கொண்டு திண்டாடியவர்களுக்கு அன்று தீபாவளி.

பாட்டுக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நம்முடைய ச ரி க ம போல மேல்நாட்டுச் சங்கீதத்திலும் ஏழு சுரம். டோ, ரே, மி, பா, ஸோ, லா, டீ. ஏழும் ஆங்கிலத்தில் இரண்டிரண்டு எழுத்து. ஏழும் செல்லும்.

"எம்" என்பது ஓர் எழுத்து. அதன் பெயரை எழுதினால் இரண்டு எழுத்து. அதுவும் ஒரு சொல்! அச்சுக்கோப்பவர்கள் அளவுக்கு வைத்திருக்கும் பெயர் அது. "என்" என்பதும் அப்படியே. அதில் பாதி அளவு. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் நம் ஊர் அச்சுக்கூடங்களிலும் இந்த எம்மும் என்னும் தினமும் புழங்கின.

குழந்தையைத் தூங்கவைக்கும்போது வாயில் விரலை வைத்து "ஷ்" என்கிறோம் அல்லவா? எஸ், எச். அதுவும் சொல். 5 புள்ளி. குழந்தை தூங்கிக் குறட்டை விட்டால்? அதற்கும் சொல் உண்டு. இசட், இசட், இசட்! ஆனால், பையில் இருப்பது ஒரே ஓர் இசட். மற்ற இரண்டுக்கும் எழுத்தில்லாத வெற்றுச் சில்லுகள் இரண்டையும் செலவழிக்க வேண்டும். குறட்டைக்காக அத்தனையும் கொட்டுகிறவன் ஆட்டக்காரன் இல்லை.

இதை எல்லாம் சேர்த்தவர்கள் ஒன்றை மட்டும் வெகுநாள் சேர்க்கவில்லை. ஓ, கே! உலகத்தில் பாதிப் பேர் தினம் பத்துத் தடவை சொல்லும் "ஓகே" சுருக்கெழுத்துத்தான், சொல் இல்லை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அமெரிக்கப் பட்டியலில் அது ஏற 2018 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

யூ இல்லாத கியூ

இனி, கியூவின் கதை. பள்ளிப் பிள்ளை சொன்னது பெரும்பாலும் சரிதான். ஆங்கிலத்தில் கியூவும் யூவும் மாடும் வண்டியும் மாதிரி. ஒன்றைவிட்டு ஒன்று போகாது. கியூ கையில் இருந்து யூ இல்லாவிட்டால் ஆட்டக்காரனுக்கு வயிற்றில் புளி கரைக்கும். கடைசிவரை கியூ கையில் தங்கிவிட்டால் நஷ்டம் வேறு.

அவனைக் காப்பாற்றுவது யார்? பெரும்பாலும் அரபு மொழி!

அரபியில் "காப்" என்று ஓர் எழுத்து உண்டு. தொண்டைக்குள் இருந்து வரும் அழுத்தமான "க". அதை ஆங்கிலத்தில் எழுதும்போது கியூ போட்டார்கள். யூ தேவைப்படவில்லை. இந்தச் சொற்கள் நமக்குப் புதியவையும் அல்ல. பக்கீர் என்ற சொல்லை எஃப், ஏ, கியூ, ஐ, ஆர் என்று எழுதலாம். ஐந்து எழுத்து. காஜி, அதாவது முஸ்லிம்களின் நீதிபதி, நாலு எழுத்து. பெண்கள் முகத்தை மூடும் நிகாப், ஐந்து எழுத்து. ஏமன் நாட்டார் வெற்றிலை போல வாயில் அடக்கிக்கொள்ளும் ஒரு போதை இலை, கியூ, ஏ, டீ, மூன்று எழுத்து. ஈரான் நாட்டில் மலை அடிவாரத்தில் இருந்து பூமிக்கு அடியிலேயே வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவருவார்கள். அந்த வாய்க்கால் "கனாத்". அதுவும் ஐந்து எழுத்து.

நியூயார்க்கிலும் லண்டனிலும் உட்கார்ந்து ஆடுகிறவர்கள் இந்தச் சொற்களை மனப்பாடம் செய்கிறார்கள். அந்த வாய்க்காலை அவர்கள் பார்த்ததில்லை. அந்த இலையை மென்றதில்லை. பலருக்குப் பொருளே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சட்டம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். சொல் பட்டியலில் இருக்கிறதா, இல்லையா?

அம்மா விட்ட சவால்

இதை முற்ற முடியக் காட்டியவர் ஒருவர் இருக்கிறார். நைஜல் ரிச்சர்ட்ஸ். நியூஜிலாந்தில் பிறந்து மலேசியாவில் குடியேறியவர்.

இவருக்கு 28 வயது இருக்கும்போது தாயோடு சீட்டு ஆடுவார். எந்தச் சீட்டு யாரிடம் இருக்கிறது என்று எண்ணியே சொல்லிவிடுவார். தாய்க்கு அலுத்துவிட்டது. "உனக்கு வரவே வராத ஆட்டம் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் உனக்கு இங்கிலீஷ் சரியாக வந்ததில்லை, எழுத்துக்கூட்டலும் தெரியாது" என்ற பொருளில் சொல்லி ஸ்கிராபிளை எடுத்து வைத்தார்.

அந்தப் பையன் 2007, 2011, 2013, 2018, 2019 என்று ஐந்து தடவை உலக வெற்றி வீரர் ஆனார்!

அது பெரிதில்லை. 2015இல் அவர் பிரெஞ்சு அகராதியைக் கையில் எடுத்தார். ஒன்பது வாரம் படித்தார். பெல்ஜியம் நாட்டில் நடந்த பிரெஞ்சு மொழிப் போட்டிக்குப் போனார். பிரெஞ்சுக்காரர்களைப் பிரெஞ்சிலேயே தோற்கடித்துப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்தார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு, வணக்கம் சொல்வதும் புள்ளி எண்ணுவதும்தான்! 2024இல் ஸ்பெயின் நாட்டில் கிரனாடா என்ற ஊரில் ஸ்பானிஷ் மொழி உலகப் போட்டி. அதிலும் அவரே முதல். ஸ்பானிஷும் அவருக்குப் பேசத் தெரியாது.

தாய்லாந்திலும் இப்படித்தான். அந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். 2003இலும் 2009இலும் உலகப் பட்டம் தாய்லாந்துக்காரர்களுக்கே கிடைத்தது. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

2015இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்த உலகப் போட்டியில் வென்றவர் நைஜீரியா நாட்டு வெலிங்டன் ஜிகேரி. ஆப்பிரிக்கக் கண்டத்தில் இருந்து பட்டம் வென்ற முதல் வீரர். நைஜீரியர்களின் தந்திரம் அலாதி. ஏழு எழுத்தையும் ஒரே தடவையில் வைத்தால் 50 புள்ளி இனாம் உண்டு. எல்லோரும் அதற்குத்தான் ஆலாய்ப் பறப்பார்கள். நைஜீரியர்கள் பறப்பதில்லை. ஏழெழுத்துச் சொல் கையில் இருந்தாலும், ஐந்து எழுத்தில் சின்னதாக ஒன்றை வைப்பார்கள். நல்ல எழுத்து இரண்டு கையில் மிஞ்சும். எதிராளிக்கு வழியும் அடைபடும். இருக்கிறதை எல்லாம் ஒரே நாளில் சமைத்துவிடாத குடித்தனக்காரி போல!

பொருள் இல்லாத புத்தகம்

சொல்லுக்குப் பொருள் வேண்டாம், எழுத்துப் போதும் என்றால் தொல்லை ஏதும் இல்லையா? இருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு பெண்மணி ஸ்கிராபிள் அகராதியைப் புரட்டினார். யூதர்களை இழிவுபடுத்தும் ஒரு வசைச் சொல் அதில் இருந்தது. தேடினால் இன்னும் பல. கறுப்பர்களை, வெளிநாட்டாரை, உடல் குறை உள்ளவர்களைத் திட்டும் சொற்கள். அவர் கடிதம் எழுதினார். மற்றவர்களும் சேர்ந்தார்கள். 1994இல் ஆட்டக் கம்பெனி, "வசைச் சொற்களை எடுத்துவிடுகிறோம்" என்று அறிவித்தது.

உடனே போட்டி ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். "எங்களுக்கு அவை சொற்களே அல்ல. வெறும் எழுத்துகள். புள்ளிக் கணக்கு. அட்டையில் யார் யாரைத் திட்டுகிறார்கள்?" என்று வாதாடினார்கள்.

கம்பெனி சமரசம் செய்தது. வீட்டுக்கும் பள்ளிக்கும் வசை நீக்கிய அகராதி. போட்டிக்காரர்களுக்கு எல்லாச் சொல்லும் அடங்கிய தனிப் பட்டியல். 1998இல் வந்த அந்தப் பட்டியலில் ஒரு விசேஷம். எந்தச் சொல்லுக்கும் பொருளே போடவில்லை! பக்கம் பக்கமாகச் சொற்கள். அவ்வளவுதான். பொருள் போட்டால்தானே வசை?

இந்த ஏற்பாடு சுமார் 20 ஆண்டு ஓடியது. 2020இல் அமெரிக்காவில் கறுப்பர் ஒருவர் போலீசார் பிடியில் உயிர் இழந்தார். நாடு முழுவதும் கிளர்ச்சி நடந்தது. அந்தச் சமயத்தில் வட அமெரிக்க ஆட்டக்காரர் சங்கமே 200க்கு மேற்பட்ட வசைச் சொற்களைத் தன் பட்டியலில் இருந்து நீக்கியது. மற்ற நாடுகளில் ஆட்டத்துக்கு உரிமை உள்ள கம்பெனி 2021இல் 400 சொற்களை நீக்கியது. எழுத்துக்கு ஏது பாவம் என்று அப்போதும் சிலர் கோபித்துக்கொண்டார்கள்.

கோபித்தவர்கள் கட்சியிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மனப்பாடம் செய்த பல ஆயிரம் சொற்களில் நல்லது கெட்டது பார்க்க நேரம் ஏது? ஆனால், அந்தச் சொல்லால் தினம் அடிபட்ட வீட்டுப் பிள்ளை எதிரே உட்கார்ந்து ஆடும்போது, அவன் கண்ணுக்கு அது எழுத்தாக மட்டும் தெரியுமா?

நம் வீட்டுச் சொற்கள்

இந்த ஆட்டத்துக்குச் செல்லும் சொற்களில் தமிழ்நாட்டில் இருந்து போனவையும் இருக்கின்றன.

நம்முடைய கறிதான் ஆங்கிலத்தின் "கர்ரி". ஐந்து எழுத்து. 10 புள்ளி.

நம்முடைய சுருட்டு அங்கே "செரூட்" ஆயிற்று. சி, எச், இ, ஆர், ஓ, ஓ, டீ. ஏழு எழுத்து! ஒரே தடவையில் வைத்தால் 12 புள்ளியோடு 50 இனாம். ஆக 62. திண்டுக்கல் சுருட்டை வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்தில் விரும்பிப் புகைத்தார்கள். அது புகையும்போதே சொல்லும் ஒட்டிக்கொண்டது.

கட்டுமரம் ஒன்பது எழுத்துச் சொல்லாகக் கடல் கடந்து போயிற்று. மிளகுத் தண்ணீர் ஆங்கிலேயரின் சாப்பாட்டு மேஜையில் ஏறி, 12 எழுத்துச் சூப்பு ஆகிவிட்டது. 15 கட்ட அட்டையில் அதற்கு இடம் உண்டு. வைக்கத்தான் ஆள் வேண்டும்!

இன்னொரு சொல்லும் இங்கிருந்து போனது. ஆறு எழுத்து. பி, ஏ, ஆர், ஐ, ஏ, எச். 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் ஏறிவிட்ட சொல். பறை முழக்கிய மக்களின் சாதிப் பெயரில் இருந்து பிறந்தது அது. ஆங்கிலத்தில் அதற்குப் பொருள், "எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன்". ஒரு நாட்டோடு மற்ற நாடுகள் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளாவிட்டால், அந்த நாட்டை இந்தச் சொல்லால்தான் ஆங்கிலப் பத்திரிகைகள் குறிக்கின்றன. எழுதுகிற பலருக்கு அது ஒரு சமூகத்தின் பெயர் என்றே தெரியாது.

தீண்டாமை ஒழிந்தது என்று நம் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு 1950ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. ஆங்கில அகராதியில் அந்தச் சொல் அதே பொருளோடு இருக்கிறது. ஆட்டத்திலும் செல்லும். அதன் விலை, பி 3, எச் 4, மற்ற நாலும் ஒவ்வொரு புள்ளி. மொத்தம் 11.